நூலகங்களைத் தேடிச் சென்ற தனிநாயக அடிகளார்

புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் புறப்படுவோர், கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி வழியே வேலணைத் தீவை அடைவர். அத்தீவின் வடமேற்கில் ஊர்காவற்றுறைத் துறைமுகமும், அதன் அயலிலே கரம்பொன் என்னும் சிற்றூரும் உள்ளன. பனங்கூடலும் வேலியடைத்த வளவுகளும் கொண்ட அச்சிற்றூரிற் பிறந்து, உலகின் பெருநூலகங்கள் பலவற்றிலும் இருந்து படித்து, படித்தவற்றைத் தமிழர் அனைவர்க்கும் பொதுவாக்க முயன்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே சுருக்கமாக வரைய முற்படுகின்றோம். அவர் வண. சேவியர் தனிநாயக அடிகளார்.

அடிகளார் நம் கல்லூரியிற் பயின்றவரல்லர். அவர் கத்தோலிக்கத் துறவி. கத்தோலிக்கக் கல்லூரிகளில் வளர்ந்தவர். இந்துக் கல்லூரி ஒன்றின் விழா மலரில் அவர் வரலாறு ஏன் என்று வினவுவார்க்கு விடை இக்கட்டுரையின் போக்கிலே தானே விளங்கும். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளைத் தோற்றுவித்தவர் என்ற அளவில் அவரை அறியாத தமிழர் இலர். அப்பெரும்புகழ் அவருடைய வாழ்வின் மற்றொரு பகுதியை மறைத்துவிட்டது என்பது நம் கருத்து. பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய ஒருவன், தன் ஊரிலிருந்துகொண்டு மேலும் படிக்க விரும்பினால் நூலுக்கு எங்கே போவான் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவ்வினாவுக்கு அவர் செயலால் அளித்த விடையே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் பிறந்தார். தந்தை வழி நெடுந்தீவு. தாய் வழி கரம்பொன். சேவியர் என்பது திருமுழுக்குப் பெயர். தனிநாயகம் என்பது தம் முன்னோர் ஒருவரின் பெயராதலின், அதனைப் பிற்காலத்தில் அவரே விரும்பிச் சூடிக்கொண்டார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே தொடக்கக் கல்வியும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே மேற்கல்வியும் பெற்றார். அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளிற் படித்த பிள்ளைகளைப் போலவே அவரும் ஆங்கிலத்திலே தேர்ந்து, தமிழிலே குறைவாகப் பயின்றவராய் வெளிவந்தார். கொழும்பிலே குருமடக் கல்வியை முடித்து, 1934இல் உரோமாபுரிக்குச் சென்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். பண்டைக் கார்த்தேசு நகரத்துத் திருச்சபைக் குருமார் பற்றி ஆராய்ந்து இறையியலிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

உரோமாபுரி வாழ்வு அவருக்கு இரண்டு பேறுகளை அளித்தது. ஒன்று மொழியறிவு. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகளை அவர் அங்கே கைவரப்பெற்றார். போர்த்துக்கேயம், இசுப்பானியம், செருமானியம் ஆகியவற்றிலும் படிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். மற்றொன்று நூலகத்தைப் பயன்படுத்தும் பழக்கம். நூற்பட்டியலைப் புரட்டி, ஓர் அடிக்குறிப்பைப் பின்பற்றி வேறொரு நூலுக்குச் சென்று, அந்நூலின் வழியே மூன்றாவதொன்றைக் கண்டெடுக்கும் வேட்டை முறையை அங்கேதான் அவர் கற்றிருத்தல் வேண்டும். இப்பழக்கமும் அம்மொழிகளும் பின்னர்த் தமிழுக்குச் செய்த உதவி பெரிது. அவற்றைக் கற்ற காலத்தில் அவர் மனத்திலே தமிழ் இருந்ததோ இல்லையோ, யாம் அறியோம்.

1940இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஏற்பட்ட நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பேசவும் எழுதவும் வல்ல கலாநிதி ஒருவர், தம்மைச் சூழ்ந்த மாணாக்கரின் தாய்மொழியிலே, அதுவே தம் தாய்மொழியுமாக இருக்க, ஆழ்ந்த புலமை இல்லாதவராய் நின்றார். அந்நாணம் அவரைப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் கொண்டு சென்றது. கத்தோலிக்கக் குருவானவர் அந்தணப் பண்டிதர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். வடக்கன்குளத்தில் உரோமாபுரியிற் போன்ற நூலகங்கள் இல்லை. பண்டிதரின் நினைவும் அவரிடமிருந்த ஏடுகளுமே நூலகமாயின. நம் நாட்டிலே நெடுங்காலமாகக் கல்வி நடைபெற்ற முறை இதுவே. ஆசிரியரின் திண்ணையை அடையக்கூடியவனுக்கே நூல் கிடைக்கும்; அவர் மறைந்தால் நூலும் மறையும்.

இங்கே நம் நாட்டு முன்னோர் ஒருவரை நினைத்தல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தார். அவருள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பட்டம் பெற்று உயர்பதவிகளை வகித்தபின், தமிழ் கற்க நூல் எங்கே என்று தேடினார். மடங்களிலும் வித்துவான்களின் வீடுகளிலும் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தாமே தேடிப்பெற்று, ஒப்புநோக்கி, கைப்பொருளைச் செலவிட்டு அச்சேற்றினார். பட்டம் பெற்றவன் தனக்கு வேண்டிய நூலகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் அதே வழியில் வேறொரு திசையிலே தனிநாயக அடிகளார் நடந்தார்.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் முதுகலை மாணவராய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. முதுகலைப் பட்டம் பெற்றபின் அங்கேயே இருந்து பண்டைத் தமிழ்ச் செய்யுளில் இயற்கை என்னும் பொருள்பற்றி ஆராய்ந்து எம். லிற். பட்டமும் பெற்றார். அவ்வாராய்ச்சி 1952இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்கச் செய்யுளின் திணைக் கோட்பாட்டைக் கிரேக்க, இலத்தீன இலக்கியங்களோடு ஒப்பவைத்து நோக்கிய அந்நூல், பின்னர் விரிவாக்கம் பெற்று வேறு தலைப்பிலே 1966இல் மீண்டும் வந்தது. இவ்வாராய்ச்சியின் பெருமையை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

1949இல் அவர் அண்ணாமலை நகரை விட்டு நீங்கினார். பட்டதாரி ஒருவர் பல்கலைக்கழக வாயிலைக் கடந்து வெளியேறும் அந்த நாளிலே சற்று நிற்போம். ஏனெனில் இம்மலரைப் படிப்போருட் பலர் அவ்வாயிலைக் கடந்தவர்கள், இளைஞர் சிலர் இனிக் கடக்க இருப்பவர்கள். பல்கலைக்கழகத்தில் இருந்தவரை நூலகம் அவனுடையது. இரவல் அட்டை இருக்கும், இருக்கை இருக்கும், கேட்ட நூலை எடுத்துத் தருவதற்கு ஆள் இருப்பர். பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே, எடுத்த நூல்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று சான்று பெறவேண்டும். அதன் பின் அவன் அந்நூலகத்துக்கு அயலான். ஆராயும் வித்தையைக் கற்பித்துவிட்டு, ஆராய்வதற்குரிய கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகின்றோம். தச்சனுக்குத் தொழில் பழக்கி உளியைப் பறித்துக்கொள்வது போன்றது இது.

இக்காலத்து நிலை இன்னும் நுட்பமானது. நூலும் ஆராய்ச்சி இதழும் மின்வடிவில் வந்துவிட்டமையின், தொலைவு ஒரு தடையாகாது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் மின்னிதழ்களைப் பல்கலைக்கழகம் வாங்குவதில்லை. ஆண்டுக்காண்டு சந்தா செலுத்தி, படிக்கும் உரிமையை மட்டும் பெறுகின்றது. அவ்வுரிம ஒப்பந்தத்திலே யார் படிக்கலாம் என்று வரையறுத்திருப்பர். பதிவு பெற்ற மாணவர், ஆசிரியர், அலுவலர். பல ஒப்பந்தங்களில், நூலகக் கட்டடத்துக்குள் நேரில் வந்து அமர்ந்து படிப்போர். பழைய மாணவர் பெரும்பாலும் அவ்வரையறைக்குள் வருவதில்லை. பட்டம் பெற்றவரின் கடவுச்சொல் ஒருநாள் செயலற்றுப் போகின்றது. அச்சு நூலாயின் பேராசிரியரிடம் சொல்லி இரவல் பெறலாம். ஊரில் ஒருவரிடம் இருந்தால் வாங்கிப் படிக்கலாம். மின்னிதழுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு கட்டுரையைத் தனியே விலைக்கு வாங்க முற்பட்டால், கேட்கும் தொகை தீவகத்து ஆசிரியர் ஒருவரின் பல நாட் சம்பளமாக இருக்கும். இதனை எழுதுபவரும் தாம் பயின்ற ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத் தளத்திலே, பட்டம் பெற்ற சில மாதங்களில், உள்ளே புக இயலாது நின்றவரே.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. மேனாடுகளிற் சில பல்கலைக்கழகங்கள், மிகுதிக் கட்டணம் செலுத்தித் தம் பழைய மாணவரையும் ஒப்பந்தத்துக்குள் சேர்த்துக்கொள்கின்றன. ஜேஸ்டோர் என்னும் பழைய ஆராய்ச்சி இதழ்களின் தொகுதி அத்தகைய ஏற்பாட்டுக்கு இடமளிக்கின்றது. தனியாளாகப் பெயர் பதிந்துகொள்வோரும் மாதந்தோறும் ஓர் அளவு கட்டுரைகளைத் திரையிலே கட்டணமின்றிப் படிக்க விடுகின்றது. இவ்வசதியை நம் ஆசிரியருள் அறிந்தோர் சிலரே ஆவர். ஆதலின் இங்கு குறித்து வைத்தோம். இனி அடிகளாரிடம் மீள்வோம்.

அண்ணாமலையை விட்டு வெளியே வந்த அடிகளார் செய்தவை இரண்டு. ஏற்கெனவே 1948இல் தூத்துக்குடியிலே தமிழ் இலக்கியக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தார். அதன் பொருட்டும், தமிழின் சிறப்பைப் பிறநாட்டார்க்கு உணர்த்தும் பொருட்டும், 1949 தொடங்கி மலாயா, யப்பான், அமெரிக்க நாடுகள், ஐரோப்பா எனச் சொற்பொழிவுச் சுற்றுலா மேற்கொண்டார். சென்றவிடமெல்லாம் அவர் கண்டது ஒன்று: சமற்கிருதத்தைப் பற்றி அறிந்த மேனாட்டறிஞர் பலர் தமிழைப் பற்றி யாதும் அறியார். அறிவதற்கு விரும்பினாலும், அவர் படிக்கக்கூடிய மொழியில் தொடர்ந்து வெளிவரும் ஆராய்ச்சி இதழ் ஒன்றும் இருக்கவில்லை. எனவே 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்களிதழைத் தொடங்கினார். அது 1966 வரை வெளிவந்தது.

இவ்விதழ் மேனாட்டார்க்காகவே நடந்தது என்று பலர் எழுதுவர். அது பாதி உண்மை. ஊரிலிருந்த தமிழ்ப் பட்டதாரிக்கும் அது நூலகமாயிற்று என்பதே மற்றப் பாதி. ஐரோப்பிய அறிஞர் தமிழ் பற்றி யாது எழுதுகின்றனர், எந்நாட்டு நூலகத்தில் எந்தச் சுவடி உள்ளது, சீயத்து அரச சடங்கிலே திருவெம்பாவை எவ்வாறு நின்று நிலவுகின்றது என்பனவற்றையெல்லாம் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே அறிய அது வழிசெய்தது. திருவெம்பாவைச் செய்தி நம் சைவ அன்பர்க்கு இனிப்பது. கத்தோலிக்கத் துறவி ஒருவரே அதனை விரித்தெழுதி உலகறியச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1952இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராய்ச் சேர்ந்து, பேராதனையில் 1961 வரை பணியாற்றினார். அக்காலத்திலே விடுமுறை பெற்று இலண்டன் சென்று, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து மற்றுமொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். ஐரோப்பிய நூலகங்களிலே தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் அவர் தேடிய தேட்டத்தின் பெரும்பகுதியும் இக்காலத்ததே. அதனை விரித்துக் கூறல் வேண்டும்.

இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழ் என்று மேடைகளிலே பெருமையாகப் பேசுகின்றோம். அப்பெருமைக்குரிய நூல்களில் ஒன்றேனும் தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ அவர் காலத்தில் எளிதிற் காணக் கிடைக்கவில்லை. 1554ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆம் நாள் இலிசுபன் நகரில் அச்சாகி முடிந்த வினாவிடை நூல் ஒன்று உண்டு. தமிழ் மொழியை உரோம எழுத்திலே பொறித்து, கறுப்பும் சிவப்புமாகிய மையினால் அடித்த சிறுநூல் அது. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் சென்றிருந்த தமிழர் மூவர் அதனை ஆக்கினர். அதன் படி இலிசுபனில் ஓர் அரும்பொருட் சாலையில் இருந்தது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாகிய தம்பிரான் வணக்கம் 16 பக்கங்கொண்டது; அண்டிரிக்கு அடிகளார் இயற்றியது; அதன் படியோ அமெரிக்காவில் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த கிரிசித்தியானி வணக்கமும், 1586இல் வந்த அடியார் வரலாறும் ஐரோப்பிய நூலகங்களிலே ஒடுங்கிக் கிடந்தன. தமிழின் முதல் அச்சு நூல்களைக் காண விரும்பும் தமிழன் கடல்களைக் கடந்து செல்ல வேண்டியவனாயினான்.

அடிகளார் சென்றார். இலிசுபனும் பாரிசும் வத்திக்கானும் சென்று, நேரிற் கண்டு, அளந்து, குறித்து, தமிழ்க் கல்ச்சர் இதழிலே கட்டுரைகளாக எழுதினார். 1954இல் ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்ச் சுவடிகள் பற்றியும், 1958இல் தமிழில் முதன்முதல் அச்சாகிய நூல்கள் பற்றியும் அவர் எழுதியவை பின்வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வழியாயின. பெருநூலகங்களின் கதவு யாருக்கும் தானே திறப்பதில்லை. பிரித்தானிய நூதனசாலையின் படிப்பு மண்டபத்துக்கு அனுமதிச் சீட்டுப் பெற அக்காலத்திலே பரிந்துரை வேண்டியிருந்தது. வத்திக்கான் நூலகத்துக்கு அறிமுகக் கடிதம் வேண்டும். துறவுடையும் உரோமாபுரிப் பட்டமும் இலத்தீனமும் அவருக்குச் சில கதவுகளைத் திறந்தன என்று கூறுதல் அவர் பெருமையைக் குறைப்பதாகாது. தமக்குத் திறந்த கதவைத் தம் பின்னே சாத்திக்கொள்ளாமை அவரிடத்து யாம் வியக்கும் குணம். அரிய சுவடி ஒன்றைக் கண்டவர் அது இருக்குமிடத்தைப் பிறர்க்குச் சொல்லாது வைத்துக்கொண்டு, அதன் மேல் தம் புகழை நிறுவிக்கொள்வதும் அறிஞருலகில் உண்டன்றோ?

இதற்குத் தக்க சான்று அந்தாவோ தெ புரோயென்சா என்னும் சேசு சபைத் துறவியின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி. அவர் 1666இல் இறந்தபின், 1679இலே மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. 16,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கும் முற்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் நாவிலே வழங்கிய சொற்களை நாம் அறிவதற்கு ஒப்பற்ற கருவி. அதன் படி வத்திக்கான் நூலகத்திலே இருந்தது. அடிகளார் அதன் பக்கங்களை நிழற்படமாக எடுப்பித்து, 1966இல் கோலாலம்பூரிலே மலாயாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் நூலாக வெளியிட்டார். பழைய அச்செழுத்து, பழைய பிழை, பழைய பக்கவமைப்பு யாவும் அப்படியே நின்றன. உரோமாபுரிக்குச் செல்ல இயலாதவர்க்கும் இனி அவ்வகராதி எட்டும் என்றாயிற்று.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியவியற் பேராசிரியராகச் சென்றார். 1969 வரை அங்கிருந்தார். 1964 சனவரியில் புதுதில்லியிற் கூடிய கீழைநாட்டாராய்ச்சியாளர் பேரவைக்கு வந்திருந்த அறிஞரை ஒன்றுகூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தமையும், 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம் என மாநாடுகள் நடந்தமையும் யாவரும் அறிந்தவை. அவற்றை விரித்தல் வேண்டா. ஒன்று மட்டும் சொல்லுவோம். அலங்கார வண்டியும் தோரணமும் மாநாட்டின் பெயரால் நம் நினைவிற் பதிந்துவிட்டன. அடிகளார் கருதியது, உலகின் பல மூலைகளிலே தனித்தனியே தமிழாராய்வோர் எழுதும் கட்டுரைகள் ஓரிடத்திற் படிக்கப்பெற்று, தொகுதியாக அச்சாகி, வாராதவர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பது. ஊர்வலம் பார்த்தவர் பலர். அத்தொகுதிகளைப் புரட்டியவர் எத்தனை பேர்?

மாநாடு நடந்த அதே 1966ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் ஒன்றை நம்மவர் ஏறக்குறைய மறந்தேவிட்டனர். தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டியாக அமைந்த நூற்பட்டியல் அது. கோலாலம்பூரிலே ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழர் மொழி, இலக்கியம், வரலாறு, சமயம், கலை ஆகியவை பற்றி மேனாட்டு மொழிகளில் வந்த நூல்கள் யாவை, எவர் எழுதியவை, எங்கே எப்பொழுது அச்சாயின என்பதைத் துறைதுறையாக வகுத்துக் காட்டுவது. படிப்பதற்குச் சுவையான நூலன்று. கதை இல்லை, கருத்துரை மிக இல்லை, பெயரும் ஆண்டும் ஊருமே பக்கந்தோறும் நிற்கும். ஒரு பேராசிரியர் தம் புகழுக்காக எழுதக்கூடிய நூல்களுள் இது கடையாயது. ஆயினும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்பவனுக்கு இதனினும் பயனுள்ள நூல் அரிது. நூலகத்தின் உள்ளே இருப்பவன் அலமாரியின் முன் நின்றே தனக்கு வேண்டியதைக் கண்டுகொள்வான். வெளியே இருப்பவன் எது உண்டு என்பதையே அறியான். அறியாத நூலை எவ்வாறு கேட்பது? யாருக்குக் கடிதம் எழுதுவது? கரம்பொனிலோ மடத்துவெளியிலோ இருக்கும் ஆசிரியர் ஒருவர், இன்ன நூல் இன்ன ஆண்டில் வந்தது என்று குறித்து நூலகர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவதற்கு வேண்டிய முதற் படியை அது அமைத்துக் கொடுத்தது.

அது நூல்களுக்கு மட்டுமே உரிய பட்டியல். இதழ்களிற் சிதறிக் கிடக்கும் கட்டுரைகள் அதில் அடங்கா. இன்று கடவுச்சொல்லுக்குப் பின்னே மறைந்து நிற்பனவும் பெரும்பாலும் அவ்விதழ்க் கட்டுரைகளே.

மலாயாவிலிருந்து ஓய்வுபெற்று அடிகளார் தாய்நாடு திரும்பினார். 1974 சனவரியில் யாழ்ப்பாணத்து மாநாடு நடந்தது. அதன் இறுதி நாளாகிய 10ஆம் நாளின் துயரத்தை நம் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். உயிர்கள் பலியான அவ்விரவு அடிகளாரையும் வாட்டியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் ஆராய்ச்சிப் பணியை அவர் கைவிட்டாரில்லை. 1980ஆம் ஆண்டு செல்வநாயகம் நினைவுப் பேருரை ஆற்ற வந்தபொழுதும் அவர் தேர்ந்த பொருள், தமிழாராய்ச்சி கடந்துவந்த வழியும் இனிச் செல்லவேண்டிய வழியுமே. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதம் முதலாம் நாள் அவர் மறைந்தார். வயது 67.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் தொடங்கிய வன்செயலில், அடுத்த இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அதன் வளர்ச்சிக்கு உழைத்தவருள் அடிகளார் பயின்ற புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார் முதன்மையானவர். தமிழ்க் கல்ச்சர் இதழிலே எழுதிய பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அந்நெருப்பைத் தொலைவிலிருந்து கண்ட அதிர்ச்சியிலே உயிர் நீத்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகாதோர்க்கும், போய் மீண்டோர்க்கும் ஒருசேரத் திறந்திருந்த ஒரே பெருநூலகம் குடாநாட்டில் அதுவே. தீவகத்திலிருந்து காலை வண்டியேறி வந்து மாலைவரை அங்கிருந்து படித்துச் சென்ற ஆசிரியர் பலர் அன்று வெறுங்கையராயினர். ஒரே படியாக இருந்த நூல்கள் அழிந்தன. வேறிடங்களிலும் படிகள் இருந்தவை தப்பின. வத்திக்கானில் ஒன்றாய் இருந்த அகராதியைப் பலவாக்கி வைத்த அடிகளாரின் செயலை அந்நெருப்பின் பின் எண்ணிப் பார்த்தோர், அதன் பொருளை வேறுவிதமாக உணர்ந்திருப்பர்.

2005இல் ஈழத்துத் தமிழ் இளைஞர் சிலர், கூலி கருதாது, நூலகம் என்னும் பெயரால் இணையத்திலே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், ஊர் மலர்கள், கல்லூரி மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான வெளியீடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு அங்கே உள்ளன. கடவுச்சொல் இல்லை, கட்டணம் இல்லை, மாணவனா பழைய மாணவனா என்று கேட்பாரும் இல்லை. அடிகளாரைப் பற்றிய மலர்களையும் அங்கே காணலாம். மடத்துவெளியில் உள்ளவர் கைத்தொலைபேசியில் அவற்றைத் திறக்க, கனடாவில் உள்ள நம் பழைய மாணவரும் அதே வேளையில் திறக்கலாம்.

மேனாட்டு ஆராய்ச்சி இதழ்கள் அவ்வாறில்லை என்பதை முன்னரே கூறினோம். அதன் பொருட்டு நம் பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கல்லூரி நூலகத்திலே ஒரு மேசையும் ஒரு கணினியும் இணைய இணைப்பும் பழைய மாணவர்க்கென ஒதுக்கலாம். எந்தெந்தத் தொகுதிகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் ஆக்கி, ஆண்டுதோறும் திருத்தி, சங்க அறிக்கையோடு சேர்த்து அனுப்பலாம். நம் உறுப்பினருள் பல்கலைக்கழக ஆசிரியர்களாய் இருப்போர், தத்தம் நூலகங்கள் அடுத்த உரிம ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பழைய மாணவரையும் நேரில் வரும் வாசகரையும் அதனுட் சேர்க்குமாறு கேட்கலாம். பட்டியல் ஆக்கும் பணி சுவையற்றது, பெயர் தராதது. அதனை ஏற்க முன்வருவோர் சங்கச் செயலாளருக்கு எழுதுவாராக.